காட்டன் ஒயிட்டா, ஒயிட் காட்டனா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் ‘எ காட்டன் ஒயிட் பியூட்டிஃபுல் சாரி’ என்றும், ‘தட் மை ஓல்ட் சைக்கிள்’ என்றும் எழுதியிருந்தாள். இரண்டையும் ஆசிரியர் சுழித்துவிட்டார். சொற்கள் சரியாகத்தானே இருக்கின்றன? நடுவில் கமா போட்டிருந்தால் சரியாகியிருக்குமா?

பதில்: கமா போட்டாலும் சரியாகாது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் அட்ஜெக்டிவ்களுக்கு, அதாவது பெயரை விவரிக்கும் அடைகளுக்கு, ஏறக்குறைய நிலையான ஒரு வரிசை உண்டு. சொல்பவரின் அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், நாடு, செய்பொருள், பயன் என்பது அந்த வரிசை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. மாறி வந்தால் காதில் இடறும், அவ்வளவுதான்.

நமக்கு இடறாததற்குக் காரணம் தமிழ்தான். தமிழில் ‘ஆலான’, ‘உள்ள’ என்று முடியும் நீண்ட அடைகள் இயல்பாகவே முன்னால் போய் உட்காரும். ‘மரத்தாலான பெரிய மேசை’ நல்ல தமிழ். அதையே சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘வுடன் பிக் டேபிள்’ என்றாகிவிடும். ஆங்கிலத்தில் ‘பிக் வுடன் டேபிள்’ மட்டுமே சரி. உங்கள் மகளின் சேலையும் ‘பருத்தியாலான வெள்ளை நிற அழகிய சேலை’ என்ற இந்தப் பாதையில் வந்ததாகத்தான் தெரிகிறது.

எட்டு வகைகளுடைய ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து ‘ஓசாஸ்காம்ப்’ என்று மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தேர்வு அறையில் அது பாதிதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெயர்ச்சொல்லிலிருந்து பின்னோக்கிக் கட்டிக்கொண்டு போவது எளிது. பொருளைவிட்டுப் பிரிக்க முடியாத தன்மை பெயர்ச்சொல்லை ஒட்டி நிற்கும். ஆளுக்கு ஆள் மாறக்கூடிய அபிப்பிராயம் தள்ளி நிற்கும். சேலையை வைத்தே பார்ப்போம்:

அன் இண்டியன் காட்டன் சாரி
எ ஒயிட் இண்டியன் காட்டன் சாரி
அன் ஓல்ட் ஒயிட் இண்டியன் காட்டன் சாரி
எ பியூட்டிஃபுல் ஓல்ட் ஒயிட் இண்டியன் காட்டன் சாரி

சேலை பருத்தி என்பதில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அழகா இல்லையா என்பதில் வரலாம். அதனால் ‘பியூட்டிஃபுல்’ கோடியில் நிற்கிறது. ஒவ்வொரு வரியிலும் ‘எ’யும் ‘அன்’னும் மாறுவதையும் கவனியுங்கள். அவை சேலையைப் பார்ப்பதில்லை, அடுத்து வரும் சொல்லின் ஒலியைத்தான் பார்க்கின்றன. வரிசையைத் திருத்திவிட்டு இதை மாற்ற மறந்து மதிப்பெண் இழப்பவர்கள் நிறையப் பேர். ஐந்து அடைகளை அடுக்கியது விளக்கத்துக்காகத்தான்; கட்டுரையில் இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும்.

பயனைச் சொல்லும் சொல் பெயரோடு சேர்ந்து ஒரே சொல்போல ஆகிவிடும். ‘வாட்டர் பாட்டில்’ நடுவே எதையும் நுழைக்க முடியாது. ஆகவே ‘ஸ்டீல் வாட்டர் பாட்டில்’ சரி, ‘வாட்டர் ஸ்டீல் பாட்டில்’ தவறு. வயது, வடிவம் இரண்டில் எது முதலில் என்பதில் இலக்கண நூல்களே ஒத்துப்போவதில்லை. பாடநூலில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

இனி கமா. இரண்டு அடைகளுக்கு நடுவே ‘அண்ட்’ போட்டுப் பாருங்கள்; இடம் மாற்றியும் பாருங்கள். இரண்டுக்கும் இடம்கொடுத்தால் கமா போடலாம்: ‘எ லாங், டயரிங் ஜர்னி’. ‘எ பிக் ரெட் பஸ்’ இடம்கொடுக்காது, எனவே கமா வேண்டாம். கடைசி அடைக்கும் பெயருக்கும் இடையில் ஒருபோதும் கமா கிடையாது. இரண்டு நிறங்கள் சேர்ந்தால் ‘அண்ட்’ வேண்டும்: ‘எ பிளாக் அண்ட் ஒயிட் கேட்’.

விதிவிலக்கும் உண்டு. ‘பிக் பேட் உல்ஃப்’ என்பதில் அளவு முந்திக்கொண்டு, அபிப்பிராயம் பின்னால் போகிறது. ‘ஜிக்ஜாக்’, ‘பிங்பாங்’ போல இகரம் முன்னால் வருவதை ஆங்கிலக் காது விரும்புவதே காரணம் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அதைப் பார்த்து மற்ற இடங்களில் வரிசையை மாற்ற வேண்டாம்.

‘தட் மை ஓல்ட் சைக்கிள்’ வேறு வகைத் தவறு. ‘என்னுடைய அந்தப் பழைய சைக்கிள்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் எ, தி, தட், மை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நாற்காலிதான்; ஒன்று உட்கார்ந்தால் மற்றது எழுந்துகொள்ள வேண்டும். ‘மை ஓல்ட் சைக்கிள்’ என்று எழுதலாம். ‘அந்த’வையும் விட மனமில்லை என்றால் ‘தட் ஓல்ட் சைக்கிள் ஆஃப் மைன்’. எண்ணிக்கை இந்த நாற்காலிக்கு அடுத்த இடத்தில் வரும்: ‘மை டூ ஓல்ட் சைக்கிள்ஸ்’. தமிழில் ‘பழைய இரண்டு சைக்கிள்’ என்கிறோமே என்று ‘மை ஓல்ட் டூ சைக்கிள்ஸ்’ என எழுதினால் மறுபடியும் சுழிதான்.