வாகன மருத்துவர் பதில்கள்: பிரேக் டிஸ்க், பேட் சிறப்புப் பகுதி

ஈரோடு வாசகர்: ஹேட்ச்பேக் கார், 70,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நூறு வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறியது. முன் டிஸ்க் இரண்டையும் பேடுகளையும் வெளியில் வாங்கி மாற்றினோம். 3,000 கி.மீ. நன்றாக இருந்தது, இப்போது மறுபடி உதறுகிறது. மட்டமான சரக்கா?

சரக்கைப் பழிக்குமுன் ஹப்பை, அதாவது டிஸ்க்கும் வீலும் மாட்டப்படும் நடுப்பாகத்தை, பாருங்கள். ‘டிஸ்க் நெளிஞ்சிடுச்சு’ என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். உண்மையில் நெளிந்த டிஸ்க் அபூர்வம். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப் முகத்தில், குறிப்பாக வீல் நட்டுகள் ஏறும் ஸ்டட்களைச் சுற்றி, துரு அடை அடையாக ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டினால் அது இம்மியளவு சாய்ந்து உட்காரும். நடுவில் இருக்கும் சாய்வு வெளி விளிம்புக்குப் போகப் போகப் பெருகும். அப்புறம் பிரேக்கே பிடிக்காமல் ஓட்டினாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் கனம் குறைந்துவிடும். 0.02 மி.மீ. வித்தியாசமே கையில் தெரிய ஆரம்பிக்கும். மாட்டிய அன்று உதறாமல் இவ்வளவு தூரம் ஓடிய பிறகு உதறுவதால்தான் சந்தேகம் ஹப் பக்கம் போகிறது.

டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். டிஸ்க்கை மாட்டி எல்லா நட்டுகளையும் வாஷர் வைத்து இறுக்கியபின், வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். 0.05 மி.மீ.க்குள் ஆட்டம் இருந்தால் நிம்மதி. அதிகமென்றால் டிஸ்க்கை ஒரு ஸ்டட் ஓட்டை தள்ளி மாட்டி மறுபடி அளக்கலாம். பல சமயம் இதிலேயே சரியாகிவிடும். அப்படியும் குறையவில்லையென்றால் ஹப்பையும் பேரிங்கையும் சோதிக்க வேண்டும். கடைசியில் வீல் நட்டை ஏர் கன்னால் ‘டர்ர்’ என்று முடுக்கவிடாதீர்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிர் நட்டாக இறுக்க வேண்டும். இவ்வளவும் அரை மணி நேர வேலைதான், ஆனால் கேட்டு வாங்கினால்தான் செய்வார்கள்.

சேலம் வாசகர்: புது டிஸ்க் வாங்காமல், பழையதையே லேத்தில் கொடுத்துக் கடைந்து போட்டுக்கொள்ளலாம் என்கிறார் மெக்கானிக். சரியா?

கனம் மிச்சமிருந்தால் சரி. டிஸ்க்கின் நடுக் கிண்ணத்திலோ விளிம்பிலோ குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்து முடித்த பிறகும் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அதே அளவில் நின்றால் புதுப் பேட் தேய்வதற்குள் டிஸ்க் காலாவதியாகிவிடும். அளப்பதற்கு வெர்னியர் போதாது. தேயாத ஓர விளிம்பில் அதன் தாடை உட்கார்ந்து கனத்தைக் கூட்டிக் காட்டும். மைக்ரோமீட்டரால், பேட் படும் இடத்தில், சுற்றி எட்டு இடங்களில் அளந்து, கிடைத்ததில் மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவை வாசகர்: கடையில் மூன்று விலையில் பேட் காட்டுகிறார்கள். மாதம் ஒருமுறை ஊட்டி போகிறோம். எதை வாங்குவது?

மலை இறக்கத்துக்கு செமி மெட்டாலிக் வகை ஏற்றது, சூட்டைத் தாங்கும். காலையில் முதல் ஒன்றிரண்டு பிரேக்கில் கீச்சிடலாம், டிஸ்க்கைச் சற்று அதிகம் தின்னும், வீலில் கரும்பொடி படியும். செராமிக் சத்தமில்லாதது, பொடியும் குறைவு. ஊருக்குள் ஓட்டுபவர்களுக்கு அதுவே போதும். மிக மலிவான ஆர்கானிக் பேடை மலைக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

பேடின் ஓரத்தில் அச்சிட்ட எழுத்துகளின் கடைசியில் ‘எஃப்எஃப்’ (FF), ‘ஜிஎஃப்’ (GF) போல இரண்டு எழுத்து இருக்கிறதா பாருங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது கடுஞ்சூட்டில். இ (E) என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. இரண்டாவது எழுத்து இ என்றால் மலைக்கு வேண்டாம். ஆனால் இது தர முத்திரை இல்லை. ஒரே எழுத்துள்ள இரண்டு பேடுகள் பிரேக் மிதிக்கும் காலில் வேறு வேறாகத் தெரியலாம்.

சென்னை பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா கார் கம்பெனிகளுக்கே பிரேக் பாகங்கள் செய்து கொடுக்கிறது. வெளிச்சந்தையில் டிவிஎஸ் கர்லிங் பெயரில் கிடைக்கிறது. இப்படிப்பட்ட தயாரிப்பாளரிடம் வாங்கினால் ‘கம்பெனி’ பெட்டிக்கான கூடுதல் விலை மிச்சம். வண்டியின் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் டீசலுக்கு ஒரு டிஸ்க், பெட்ரோலுக்கு ஒரு டிஸ்க் இருக்கும். சேஸிஸ் நம்பரைக் கொடுங்கள்.

நாமக்கல் வாசகர்: கொல்லிமலைக்கு அடிக்கடி போகிறேன். ஓட்டை போட்ட டிஸ்க் மாட்டினால் சூடு குறையுமா?

தேவையில்லை. பழங்காலப் பேடுகள் சூட்டில் விட்ட வாயு வெளியேறவே அந்த ஓட்டைகள் பிறந்தன. இன்றைய பேடுகளில் அது பெரிய பிரச்சினையே இல்லை. விரிசல்தான் அந்த ஓட்டையிலிருந்து கிளம்பும். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது இரண்டாவது கியர் செய்யும் வேலையை எந்த டிஸ்க்கும் செய்யாது. டிஸ்க்குக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும்; ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது மலைக்காரர்களுக்குக் கட்டாயம்.

மதுரை வாசகர்: வீட்டிலேயே பின் பேட் மாற்றப் பார்த்தேன். பிஸ்டன் உள்ளே போகவே இல்லை.

கிளாம்ப் போட்டு அமுக்கினால் போகாது, அதை ஓரமாக வைத்துவிடுங்கள். பேடுகளைப் பிடித்து அமுக்கும் காலிப்பரிலேயே ஹேண்ட்பிரேக் இணைந்த வண்டிகளில் பிஸ்டனுக்குள் திருகு இருக்கும்; அழுத்திக்கொண்டே திருகினால்தான் உள்ளே போகும், பலம் கொடுத்தால் உள்பாகம் உடையும். அதற்கான டூல் தனியே விற்கிறது. ஹேண்ட்பிரேக் பட்டனில் இயங்குகிறதென்றால் ஸ்கேனரால் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் தொடவே வேண்டாம். பிஸ்டன் உள்ளே போகும்போது பிரேக் ஆயில் டேங்கில் மட்டம் ஏறும், வழிந்தால் பெயின்ட் போய்விடும். முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும்.

மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்துமுன், மிதி கெட்டியாகும்வரை பலமுறை அமுக்குங்கள். முதல் அமுக்கு தரைவரை போகும். பிறகு ஆளில்லாத சாலையில் 60லிருந்து 10 வேகத்துக்கு மிதமாகப் பத்து முறை குறைத்து, நிறுத்தாமல் ஐந்து நிமிடம் ஓட்டி ஆறவிட்டால் பேட் டிஸ்க்கில் படிந்துவிடும்.