பதில்: கால் வீங்கவில்லை, ரத்தத்தில் மட்டும் யானைக்கால் புழு

அப்பாவுக்குக் கால் வீக்கமே இல்லை, ராத்திரி வந்து எடுத்த ரத்தத்தில் யானைக்கால் புழு இருக்கிறதாம், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பலாம். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே நிணநீர்க் குழாய் (திசுக்களில் சேரும் நீரை வடிக்கும் குழாய்) கெட்டுக்கொண்டிருக்கும், கொசு வழியாக ஊருக்கும் பரவும்.

குஞ்சுப் புழுக்கள் இரவு 10 மணிக்கு மேல்தான் விரல்நுனி ரத்தத்தில் கூட்டமாக வரும். இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். அதனால் பகலில் லேபுக்குப் போய் ரத்தத்தடவல் (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவிப் பார்க்கும் சோதனை) பார்த்து, 'இல்லை' என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள்.

இந்தப் புழுவைக் கொல்லும் டி.இ.சி. (டைஎதில்கார்பமசின்) மாத்திரையை வழக்கமாக 12 நாள், சாப்பிட்ட பிறகு கொடுப்பார்கள். சிறுநீரகம், இதயக் கோளாறு இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆரம்பத்தில் காய்ச்சல், தலைவலி வரலாம். பெரும்பாலும் புழு சாவதால் வருவது. 'ஒத்துக்கல' என்று பலர் பாதியில் விடுவது இங்கேதான். அப்புறம், வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரி ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.