பிற மதத்தாரின் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லலாமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் கலந்து வாழ்கிறோம். நாள்காட்டியில் அரசு விடுமுறை என்று வந்துவிட்டால், குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது பூங்கொத்துப் படத்துடன் வாழ்த்து அனுப்பிவிடுகிறார்கள். பெரிய வெள்ளிக்கும் மொகரத்துக்கும்கூட ‘இனிய நல்வாழ்த்துகள்’ வந்தன. அந்தந்தச் சமயத்தவர் ஒருவரும் பதில் எழுதவில்லை. வாழ்த்தியதில் என்ன பிழை?
– வாசகி, திருச்சி

பதில்: அனுப்பியவர்களின் மனத்தில் பிழை இல்லை. ஆனால் அரசு விடுமுறை நாள்கள் எல்லாமே பண்டிகை நாள்கள் அல்ல.

பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில் அறையப்பட்டு உயிர் துறந்ததை நினைத்து வருந்தும் நாள். கத்தோலிக்கர் அதைப் புனித வெள்ளி என்பார்கள். அன்று அவர்களுடைய ஆலயங்களில் திருப்பலி கிடையாது; பீடத்தின் மேல் விரிப்போ மெழுகுவத்தியோ பூவோ இருக்காது; மணியும் ஒலிக்காது; பெரியவர்கள் நோன்பிருப்பதோடு இறைச்சியையும் தவிர்ப்பார்கள். சி.எஸ்.ஐ. சபைகள் பலவற்றில் நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை, இயேசு சிலுவையில் மொழிந்த ஏழு வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தியானித்தபடி மக்கள் அமர்ந்திருப்பார்கள். அப்படி அமர்ந்துவிட்டு வெளியே வருகிற ஒருவர் கைப்பேசியைத் திறக்கும்போது பூங்கொத்தும் ‘இனிய’ என்ற சொல்லும் கண்ணில் பட்டால், அவருக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் போவது இயல்புதான். அடுத்த ஞாயிறு ஈஸ்டர், அதாவது இயேசு உயிர்த்தெழுந்த நாள். வாழ்த்துக்கு உரிய நாள் அதுதான்.

மொகரம் இன்னும் நுட்பமானது. மொகரம் மாதத்தின் முதல் நாள் ஹிஜ்ரி புத்தாண்டு, அதாவது இஸ்லாமிய ஆண்டின் தொடக்கம். நமக்கு விடுமுறை விடப்படுவதோ பத்தாம் நாளான ஆஷுராவுக்கு. நபிகளாரின் பேரர் ஹுசைன், கி.பி. 680இல் இராக்கின் கர்பலாவில் கொல்லப்பட்ட நாள் அது. ஷியா பிரிவினர் கறுப்பு உடுத்தி அத்துயரை நினைவுகூர்கிறார்கள். தமிழ்நாட்டு முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் சுன்னிகள். மூஸா நபியும் அவருடைய மக்களும் எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடமிருந்து காக்கப்பட்டதற்கு நன்றியாக அவர்களில் பலர் அன்று நோன்பு வைப்பார்கள். இரு பிரிவினருக்குமே அது விருந்து நாள் அன்று.

நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் தயங்காமல் வாழ்த்துங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெருநாள் பிறை பார்த்து முடிவாவது. நாள்காட்டியை நம்பி முந்தைய நாளே ‘ஈத் முபாரக்’ அனுப்பினால், அவர் இன்னும் ஒரு நோன்பு நோற்க வேண்டியவராக இருக்கலாம். தலைமை காஜியின் அறிவிப்பு வந்த பிறகு அனுப்புவதே சரி.

குழுவில் படம் போடுவதைக் காட்டிலும் நேரில் சொல்வதையே நான் விரும்புகிறேன். நேரில் சொல்லும்போது எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். தவறாகச் சொன்னாலும் அவர் அங்கேயே திருத்திவிடுவார்.

கேள்வி: நான் முஸ்லிம். உடன் பணிபுரியும் இந்து நண்பர்கள் ஒவ்வொரு பெருநாளுக்கும் என் வீட்டுக்கு வந்து வாழ்த்துகிறார்கள். நான் அவர்களுக்குத் தீபாவளி வாழ்த்துச் சொன்னால் அது அவர்களுடைய வழிபாட்டை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று உறவினர் ஒருவர் கண்டிக்கிறார். நான் என்ன செய்வது?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி எனக்கில்லை, அதை நீங்கள் நம்பும் மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேளுங்கள். உங்கள் உறவினரின் கருத்துக்கும் நீண்ட மரபு உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னுல் கய்யிம், பிற மதத்தாரின் மதச் சடங்குகளுக்கு வாழ்த்துக் கூறுவது கூடாது என்று திட்டமாக எழுதியவர். இன்றைய அறிஞர்களில் பலர் அதற்கு உடன்படுவதில்லை. உங்களோடு போரிடாத, உங்களை வீட்டைவிட்டு வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் இறைவன் தடுக்கவில்லை என்னும் குர்ஆனின் 60ஆம் அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தையும், உங்களுக்கு முகமன் கூறப்பட்டால் அதைவிடச் சிறந்ததைக் கூறுங்கள், அல்லது அதையே திருப்பிக் கூறுங்கள் என்னும் 4ஆம் அத்தியாயத்தின் 86ஆம் வசனத்தையும் அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இந்தத் தயக்கம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. தன் கோட்பாட்டில் சிறிதும் தளராத கத்தோலிக்கத் திருச்சபையே 1967 முதல் ரமலான் நிறைவுக்கும், 1995 முதல் தீபாவளிக்கும் வத்திக்கானிலிருந்து ஆண்டுதோறும் வாழ்த்துச் செய்தி வெளியிட்டு வருகிறது. வாழ்த்தியதால் அதன் நம்பிக்கை கலைந்துவிட்டதாக எவரும் சொல்வதில்லை.

என் கருத்தைக் கேட்டால், நீங்கள் வாழ்த்த வேண்டும் என்பேன். “குடும்பத்தோடு மகிழ்ச்சியாக இருங்கள்” என்று நண்பரிடம் சொல்வது அவருடைய நலத்துக்கான வாழ்த்து. அதில் உங்கள் ஈமானுக்கு, அதாவது இறைநம்பிக்கைக்கு, எதிரான சொல் எது? பூசையில் கலந்துகொள்வது, படையலை உண்பது ஆகியவை வேறு. அவற்றை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, நல்ல நண்பர்கள் அதற்காக வருந்தவும் மாட்டார்கள். சைவம் உண்ணும் அண்டை வீட்டாருக்குப் பெருநாளன்று பிரியாணி அனுப்பாமல், சேமியா, சர்க்கரை, முந்திரி, நெய் ஆகியவற்றைச் சமைக்காமலே தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பும் முஸ்லிம் வீடுகளை நான் அறிவேன். தம் வழக்கத்தையும் விடாமல், அடுத்தவர் வழக்கத்தையும் மீறாமல் அன்பு காட்ட அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கேள்வி: பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையை எதிர்வீட்டுக் கிறிஸ்தவ அக்கா வாங்க மறுத்துவிட்டார். மனம் புண்பட்டது. இனி அவருக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர் மறுத்தது உங்களை அன்று. படைத்த உணவை உண்ணலாமா என்ற கேள்வி கிறிஸ்தவத்தின் தொடக்கக் காலத்திலேயே எழுந்தது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 8, 10ஆம் அதிகாரங்கள் அதைத்தான் பேசுகின்றன. அதைப் படித்துவிட்டு வாங்கிக்கொள்பவர்களும் உண்டு, தவிர்ப்பவர்களும் உண்டு. அடுத்த முறை படைப்பதற்கு முன்பே அவருக்கென்று கொஞ்சம் எடுத்துவைத்து, “இது படைக்காதது, அக்கா” என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். யெகோவாவின் சாட்சிகளும் பெந்தெகொஸ்தே சபையினர் சிலரும் டிசம்பர் 25ஐக் கொண்டாடுவதில்லை. அவர் கொண்டாடுபவராக இருந்தால், காலை ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் போய் வாழ்த்துங்கள்.