நூற்றெட்டில் எட்டைக் காணோம்

வாசகர் கேள்விகளுக்கு, வேலூரிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சர்வேயரின் பதில்கள்

கேள்வி: அந்தக் காலத்தில் ஒருவர் ஜபமாலையை உருட்டிக்கொண்டே திபெத்துக்குள் நடந்துபோய், காலடியை எண்ணி மேப் போட்டுக் கொண்டுவந்தாராம். என் மகள் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து சொல்கிறாள். நம்புகிற மாதிரியா இருக்கிறது, ஐயா? (ஒரு வாசகி, குடியாத்தம்)

பதில்: நம்பலாம் அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் நிலம் அளக்கிற செயின் இழுத்தவன் சொல்கிறேன்.

அவர் பெயர் நைன் சிங். குமாவூன் மலையில் மிலம் என்கிற கிராமத்தில் பள்ளி வாத்தியார். அப்போது திபெத் எல்லையில் வெள்ளைக்காரர் தலை தெரிந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் சர்வே இலாகாவின் கேப்டன் மாண்ட்கோமரி, மலைக்காரர்களையே பழக்கி அனுப்பத் தீர்மானித்தார். டேராடூனில் பயிற்சி. முக்கியமான பாடம், நடப்பது! ஏற்றமோ இறக்கமோ சமதரையோ, காலடி ஒரே நீளம்தான் விழவேண்டும். மைலுக்கு 2,000 காலடி.

மாலை விஷயம் இதுதான். வழக்கமான மாலையில் 108 மணி. இவர் கையில் இருந்ததில் 100. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று வந்தால் பத்தாயிரம் காலடி, அதாவது 5 மைல். சாமி கும்பிடுகிறவன் கையில் இருக்கிற மாலையை வாங்கி எண்ணிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? கையில் சுற்றுகிற பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் அன்றன்றைய கணக்கு எழுதிய காகிதம். சோழிக்குள் பாதரசம். ராத்திரி அதைக் கிண்ணத்தில் ஊற்றினால் ஆடாத கண்ணாடி மாதிரி நிற்கும். அதில் நட்சத்திரத்தின் பிம்பத்தைப் பார்த்து உயரக் கோணம் எடுப்பார்.

இதைப் படித்த காலத்தில் எனக்குக் காட்பாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் வேலை. நாமும் செய்து பார்த்தால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. மாலைக்கு எங்கே போவது? வலது பாக்கெட்டில் புளியங்கொட்டை போட்டுக்கொண்டேன். நூறு காலடிக்கு ஒரு கொட்டை இடது பாக்கெட்டுக்கு. முதலில் என் காலடியை அளந்து வைத்துக்கொண்டேன். ஒரு செயின் 66 அடி. அதற்கு எனக்கு 26 காலடி. (தமிழில் 'அடி' என்றால் இரண்டுக்கும் அடிதான். இந்தக் குழப்பத்தில் எத்தனை பீல்ட் புக்கைத் திருத்தியிருக்கிறேன் தெரியுமா?)

டீக்கடையில் ஆரம்பித்து ஏரியில் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல்வரை போவதாகத் திட்டம். ஏழாவது கொட்டையில், எண்பத்துச் சொச்சத்தில் இருக்கும்போது ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "சார், நம்ம பட்டா இன்னாச்சு?" என்றார். பதில் சொன்னேன். எண்ணிக்கை போயே போய்விட்டது. திரும்பவும் டீக்கடை. என் செயின்மேன் தலையில் கைவைத்துக்கொண்டார்: "இன்னா சார், மறுபடியும் மொதல்லேர்ந்தா?"

மூன்றாவது தடவை கணக்கு நின்றது. பிறகு செயின் போட்டுப் பார்த்தோம். கரைமேல் நடந்த வரைக்கும் கிட்டத்தட்ட சரி. கரையிலிருந்து இறங்கிய சரிவில்தான் தப்பு. இறக்கத்தில் கால் தானாக நீண்டுவிடுகிறது. ஏரிக்கரைச் சரிவுக்கே என் கால் இப்படி ஏமாற்றுகிறது என்றால், இமயமலைக் கணவாயில் ஒரே அளவாக வைப்பதற்கு எப்படிப் பழகியிருக்க வேண்டும்! அந்தப் பயணத்தில் அவர் எண்ணி நடந்தது சுமார் 1,200 மைல். பெருக்கினால் 24 லட்சம் காலடி. அவரிடமும் வழியில் யாராவது பேச்சுக் கொடுத்திருப்பார்கள்தானே? யாராவது நெருங்கினால் மாலையும் கையுமாக ஜபத்தில் மூழ்கிவிடுவாராம். எனக்கு அந்த யோசனை வரவில்லை.

இடத்தின் உயரத்தை அளக்க வெந்நீர்தான். மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஏலகிரி மேலே 96 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். லாசாவில் 88 பக்கம். தெர்மாமீட்டரை அவர் ஊன்றுகோலுக்குள் ஒளித்துவைத்திருந்தார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. பெரிய லாமாவுக்கு எதிரில் நிற்பவன் மனசில் இருப்பதெல்லாம் தெரிந்துவிடும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். தாஷில்ஹுன்போ மடத்தில், தலாய் லாமாவுக்கு அடுத்த பெரிய குருவான பஞ்சென் லாமாவைப் பார்க்கப் போயே ஆகவேண்டிய நிலை. மடி நிறையக் களவு. உள்ளே போனால், உட்கார்ந்திருந்தது பதினோரு வயசுப் பையன். உங்கள் ராஜா சுகமா, நாடு சுகமா, நீங்கள் சுகமா என்று மூன்று கேள்வி. அவ்வளவுதான். கையிருப்புக் கரைந்தபோது நேபாளக் கடைக்காரர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார், வாத்தியாராயிற்றே. 1866 ஜனவரியில் லாசா. 1877இல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது.

கேள்வி: வழியில் குதிரையில் ஏற வேண்டி வந்தால் காலடிக் கணக்கு என்ன ஆகும்? (ஒரு மாணவன், ஓட்டேரி)

பதில்: நல்லாக் கேட்டாய் தம்பி. நைன் சிங்குக்குப் பிற்காலத்தில் இதே வேலைக்குப் போன கிஷன் சிங்குக்கு அந்தச் சங்கடம் வந்தது. குதிரையின் முன்னங்கால்களில் வலது கால் எத்தனை முறை ஊன்றுகிறது என்று எண்ணினார். நம்ம ஷேர் ஆட்டோவில் போயிருந்தால் கஷ்டம்தான்.

கேள்வி: நம்ம வட ஆற்காட்டையும் யாராவது இப்படிச் சுற்றிப் பார்த்து எழுதியிருக்கிறார்களா? (ஒரு வாசகர், ஆற்காடு)

பதில்: பிரான்சிஸ் புக்கானன். தொழில் வைத்தியம். திப்பு விழுந்த மறு வருஷம், 1800 ஏப்ரலில், சென்னையிலிருந்து கிளம்பி காஞ்சிபுரம், ஆற்காடு, வேலூர் வழியாக மைசூருக்குப் போனார். கம்பெனி சர்க்காரின் உத்தரவு. என்ன விளைகிறது, என்ன நெய்கிறார்கள், யார் என்ன வரி கட்டுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே போன மனிதர். அவர் எழுதிய பயணப் புத்தகம் 1807இல் மூன்று தொகுதியாக வந்தது.

உங்கள் பக்கத்துக் காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்து மனிதர் சொக்கிப்போய்விட்டார். எட்டு மைல் நீளம், மூன்று மைல் அகலம் என்று எழுதுகிறார். எட்டு, மூன்று என்று முழுசு முழுசாக வந்தாலே எனக்குச் சந்தேகம். செயின் பிடித்தவன் எழுதினால் பின்னாலே ஒரு பர்லாங்காவது தொங்கும். ஆனால் ஏரியை மெச்சிய இடத்தில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

கரையை நானே நடந்து எண்ணிப் பார்த்திருப்பேன், முழங்கால் விடவில்லை. போன மாசம் பேரனிடம் புளியங்கொட்டையைக் கொடுத்து அனுப்பினேன். பாதியில் போன் வந்துவிட்டதாம்.