கடைசிப் பாட்டில் மட்டும் கரகரப்பு: விலை குறைந்த கார்ட்ரிட்ஜ்கள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: என் ரெக்கார்ட் பிளேயரில் ஆடியோ-டெக்னிகா விஎம்95ஈ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை ஒலிக்கான மின்சைகையாக்கும் சிறு பாகம்) வைத்திருக்கிறேன். எந்த எல்பி (இசைத்தட்டு) போட்டாலும் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ச' வரும் இடமெல்லாம் சிதறுகிறது. கார்ட்ரிட்ஜை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். தட்டு ஒரே சீராகத்தான் சுற்றுகிறது. ஆனால் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. தடம் ஓடும், லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. ஆகிவிடும். அதே 'ஸ' அங்கே பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கமான நெளிவாக வெட்டப்பட்டிருக்கும். அந்த நெளிவுக்குள் ஊசிமுனை புக முடியாமல் திணறுவதுதான் உங்கள் காதில் விழுகிறது.

முதலில் ஊசி தட்டை அழுத்தும் எடையைப் பாருங்கள். இதற்கு 2 கிராம், 1.8-க்குக் கீழே போகவே கூடாது. கவுண்டர்வெயிட்டில் (டோன்ஆர்மின் பின்முனையில் இருக்கும் எடைக்குண்டு) தெரியும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். டோன்ஆர்மை, அதாவது கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையை, சமநிலைக்குக் கொண்டுவந்த பிறகு எண் வளையத்தை மட்டும் 2-க்குத் திருப்புபவர்கள் நிறைய. அப்போது கவுண்டர்வெயிட் இருந்த இடத்திலேயே இருக்கும். வளையமும் கவுண்டர்வெயிட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். அதன் தட்டு இரும்பாக இருக்கக் கூடாது. கார்ட்ரிட்ஜில் உள்ள காந்தம் அதை இழுத்துத் தப்பான எண்ணைக் காட்டும்.

அப்புறம் அலைன்மென்ட், அதாவது தடத்துக்கு ஊசி சரியான கோணத்தில் நிற்கிறதா என்பது. பேர்வால்ட் புரொட்ராக்டர் தாளில் (இந்தக் கோணத்தைப் பார்க்கத் தட்டுமேடையில் வைக்கும் அளவுத்தாள்), மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தூரத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கும். இரண்டிலும் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் உடலைப் பார்த்து நேராக்காதீர்கள், தண்டைப் பாருங்கள். திருகைத் தளர்த்தி ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே பல நேரம் பாட்டு தெளிந்துவிடும்.

இவ்வளவும் செய்து தீரவில்லையா? ஊசியை மட்டும் மாற்றுங்கள். இதே உடலில் விஎம்95எம்எல் ஊசி பொருந்தும். அதன் நுண்முனை உள்தடங்களில் காட்டும் வித்தியாசம் கொடுத்த காசுக்குத் தகும்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஏடி3600எல் கார்ட்ரிட்ஜ். தட்டு தேயக் கூடாதென்று எடையை 1.5 கிராமாகக் குறைத்தேன். இப்போது சத்தமான இடங்களில் உடைகிறது.

பதில்: தயவுசெய்து இன்றைக்கே பழைய எடைக்குத் திரும்புங்கள். இதன் ஊசித்தண்டு விறைப்பானது. 3 கிராம் வாக்கில் எடை இருந்தால்தான் தடத்தில் உட்காரும். எடை போதாத ஊசி தடத்தின் சுவரை விட்டு எழும்பி, மறுபடி விழுந்து மோதுகிறது. நீங்கள் கேட்கும் உடைசல் அந்த மோதல்தான். அது தட்டில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். லேசான ஊசி பாதுகாப்பானது என்ற நம்பிக்கையில் எத்தனையோ நல்ல தட்டுகள் வீணாகியிருக்கின்றன. தாங்கும் வரம்புக்குள் சற்றே கூடுதலாக வைப்பதுதான் பத்திரம். ஆன்டி-ஸ்கேட் (ஊசி உள்பக்கமாக இழுபடுவதை ஈடுகட்டும் அமைப்பு) வசதி இருந்தால், அதையும் அதே எண்ணில் வைத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: முதல் பாட்டு தெளிவு, மூன்றாவதில் மங்கல். ஏன்?

பதில்: ஊசிமுனையில் பஞ்சுபோல் தூசி சேர்ந்திருக்கும். மென்மையான பிரஷ்ஷால் பின்னிருந்து முன்னாகத் துடையுங்கள். பக்கவாட்டில் தேய்த்தால் தண்டு வளைந்துவிடும்.

கேள்வி: பழைய கடையில் வாங்கிய எழுபதுகளின் தமிழ்ப் பட எல்பி ஒன்று, எல்லாம் சரியாக இருந்தும் இரைகிறது. புதுத் தட்டுகள் நன்றாகவே பாடுகின்றன.

பதில்: அப்படியானால் உங்கள் கருவிமேல் குற்றமில்லை. அந்தக் காலத்து வீட்டுப் பெட்டி பிளேயர்களில் கனமான செராமிக் கார்ட்ரிட்ஜ்கள் இருந்தன. தேய்ந்த ஊசியோடே வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. தடம் அப்போதே சேதமாகியிருக்கும். ஒருமுறை ஈரமாகக் கழுவிப் பாருங்கள், சில தட்டுகளில் பாதி இரைச்சல் வெறும் அழுக்குதான். அதற்கும் அசையாவிட்டால் வேறு வடிவ முனை உதவலாம்; பழைய ஊசி தொடாத உயரத்தில் அது தடத்தைத் தொட வாய்ப்புண்டு. நூறு சதவீதம் மீளும் என்று சொல்ல மாட்டேன். அடுத்த முறை கடையில் தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, லேபிளை ஒட்டிய பகுதி சாம்பல் பூத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.