சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. கோளாறு எந்தப் பாகத்தில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு பிராசசர் உள்ள உங்கள் அலுவலக சர்வர் பத்து நாளுக்கு ஒருமுறை காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட் ஆகிறது, லினக்ஸ் லாகில் (சிஸ்டம் எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவில்) ஒன்றுமே இல்லை, ரேமை மாற்றுவதா பவர் சப்ளையை மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். மூடியைக்கூடத் திறக்க வேண்டாம். பத்து வருடத்துக்கும் மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். ஆளாளுக்கு ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டிய பிறகு வந்து சேரும் சர்வர்களில்தான் அதிக நாள் செலவழித்திருக்கிறேன். ரேமைக் கழற்றி மாட்டினாலே அதன் முனைகள் உரசி, அழுக்கு போய், தொடர்பு கொஞ்ச நாளைக்குச் சரியாகிவிடலாம். கோளாறு தீர்ந்தது என்று நினைப்போம். அப்புறம் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாளில் மறுபடி விழும். அதற்குள் எது எந்த ஸ்லாட்டில் இருந்தது என்பதே யாருக்கும் நினைவிருக்காது.

லினக்ஸ் லாகில் ஒன்றும் இல்லாததில் ஆச்சரியமில்லை. மின்சாரம் நின்றாலோ பிராசசர் உறைந்தாலோ லாகை டிஸ்கில் எழுத அதற்கு நேரமே கிடைக்காது. ஆனால் சர்வரின் மதர்போர்டில் பிஎம்சி என்ற தனிக் குட்டிக் கணினி ஒன்று உண்டு. டெல் இதை ஐடிராக் என்கிறது, ஹெச்பி ஐஎல்ஓ என்கிறது. சர்வரை அணைத்து வைத்திருந்தாலும் மின்கம்பி செருகியிருக்கும்வரை அது விழித்திருக்கும். வெப்பம், மின்னழுத்தம், ஃபேன் வேகம், மெமரிப் பிழை எல்லாவற்றையும் பார்த்துத் தன் சொந்தப் பதிவேட்டில் எழுதும். ‘ஐபிஎம்ஐடூல் செல் ஈலிஸ்ட்’ (ipmitool sel elist) என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்தப் பதிவேடு வரும். முதலில் அதைப் பிரதி எடுத்து வையுங்கள்.

அதைப் படிக்கும்போது நேரத்தைக் கவனியுங்கள். பிஎம்சியின் கடிகாரம் பல இடங்களில் யூடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் ஓடும். சர்வர் காலை 9:10க்கு விழுந்திருந்தால் பதிவேட்டில் 3:40 என்று இருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல் ‘அந்த நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லையே’ என்று மூடி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, சில மாடல்களில் பதிவேடு நிரம்பிவிட்டால் புதிய வரிகள் ஏறாது. கடைசி வரி இரண்டு வருடம் பழையதாக இருந்தால் இதுதான் காரணம். பிரதி எடுத்த பிறகு அழித்துவிட்டு அடுத்த ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

சர்வரில் இருக்கும் இரண்டு பவர் சப்ளைக்கும் ஒரே நொடியில் மின்சாரம் போனதாகப் பதிவேட்டில் இருந்தால் கோளாறு பெரும்பாலும் சர்வருக்கு வெளியே. இரண்டு கம்பியும் ஒரே யூபிஎஸ்ஸுக்குப் போகிறதா பாருங்கள். இரண்டு பவர் சப்ளைக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகி வைப்பது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. வாட்ச்டாக் என்று வரி இருந்தால் சிஸ்டம் பதில் சொல்லாமல் உறைந்ததால் பிஎம்சியே ரீஸ்டார்ட் செய்தது என்று பொருள். அப்போது டிரைவர், கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பக்கமும் பார்க்க வேண்டும்.

மெமரிப் பிழை என்று வந்தால் நிதானமாக இருங்கள். சர்வர்களில் இருக்கும், பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ரேமில் வழக்கமாக ஒவ்வொரு 64 பிட்டுக்கும் கூடுதலாக 8 பிட் காவல் இருக்கிறது. ஒரு பிட் மாறினால் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு பிட் மாறினால் கண்டுபிடிக்க முடியும், திருத்த முடியாது. அப்போதுதான் பெரும்பாலும் சிஸ்டம் விழுகிறது. திருத்தப்பட்ட பிழை அரிதான விஷயமும் இல்லை. கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ரேம்களில் பிழை வந்ததாகச் சொல்கிறது. ஆகவே ஒரு வரியைப் பார்த்ததும் ரேமைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே ஸ்லாட்டில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். இரவு முழுக்க மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை நிரல் ஓடிப் பிழையில்லை என்று சொன்னாலும் முழுதாக நம்ப வேண்டாம். ஒற்றை பிட் பிழையை வன்பொருளே திருத்திக் கொடுத்துவிடுவதால் அது சோதனையின் கண்ணுக்குப் படாமலே போகலாம்.

இந்த இடத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். உங்களுடையதைப் போலவே இரண்டு பிராசசர் சர்வர் ஒன்று. முதல் பிராசசரின் பக்கம் உள்ள ஒரு ஸ்லாட்டில் தொடர்ந்து பிழை. புது ரேம் வரவழைத்துப் போட்டோம். நான்கு நாளில் அதே பிழை. ரேமே பழுதாக வந்திருக்கிறது என்று இன்னொன்று வரவழைத்தோம். அதிலும் பிழை. அதன் பிறகுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பிழை வரும் ஸ்லாட்டின் ரேமையும் நன்றாக இருக்கும் இன்னொரு ஸ்லாட்டின் ரேமையும் இடம் மாற்றி, வேறு எதையும் தொடாமல் ஓடவிட்டேன். பிழை ரேமோடு போகவில்லை, பழைய ஸ்லாட்டிலேயே நின்றது. அப்படியானால் ரேம் நிரபராதி.

மதர்போர்டை மாற்றச் சொல்லலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் இன்டெல் சர்வர்களில் 2009 வாக்கிலிருந்தே ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. ரேமிலிருந்து வரும் கம்பித் தடம் பிராசசரின் அடியில்தான் போய் முடிகிறது. எனவே இரண்டு பிராசசரையும் இடம் மாற்றினேன். பிழை அப்போதும் நகரவில்லை. மறுபடி கழற்றி, டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியால் பிராசசர் உட்காரும் சாக்கெட்டைப் பார்த்தேன். வரிசையாக நிற்கும் முட்களில் ஒன்று மட்டும் வெளிச்சத்தை வேறு கோணத்தில் காட்டியது. முடியைவிடச் சற்றே தடித்த அந்த முள் சாய்ந்திருந்தது, தொடர்பு விட்டுவிட்டுக் கிடைத்திருக்கிறது. நன்றாக இருந்த இரண்டு ரேம்களைக் குற்றவாளியாக்கி மூன்று வாரம் போக்கியிருந்தேன்.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிழை பாகத்தோடு போகிறதா, இடத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை வரும் கோளாறு என்பதால், மாற்றிய பிறகு குறைந்தது ஒரு மாதமாவது ஓடவிட்டுப் பாருங்கள்.

டிஸ்க் இப்படி ரீஸ்டார்ட் செய்வது குறைவு. ஆனாலும் டிஸ்க் தன் நிலையைத் தானே கணக்கெடுத்துச் சொல்லும் ஸ்மார்ட் எண்களை ஒருமுறை பாருங்கள். சாட்டா டிஸ்கில் 199ஆம் எண் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான். 5, 197 ஏறினால் டிஸ்கின் பரப்பே போகிறது. எண்கள் சுத்தமாக இருக்கின்றன என்பதும் உத்தரவாதமில்லை. 2007இல் கூகுள் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், செத்துப்போன டிஸ்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எந்த ஸ்மார்ட் எச்சரிக்கையும் காட்டாமலே போயிருக்கின்றன. எனவே இன்று மாலை பதிவேட்டைப் பிரதி எடுக்கும்போதே பேக்கப்பையும் வேறொரு இயந்திரத்தில் மீட்டுப் பார்த்துவிடுங்கள். கழற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம்.