தாய் விட்டுப்போன குட்டியா?

வாசகர் கேள்விகளுக்கு, மிருகக்காட்சிசாலையில் 31 ஆண்டுகள் மான்களைப் பராமரித்து ஓய்வுபெற்றவரின் பதில்கள்

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு மிருகக்காட்சிசாலைக்குப் போயிருந்தோம். வெளிமான் அடைப்பில், வேலியோரப் புல்லுக்குள் பிறந்து ஓரிரு நாள்தான் இருக்கும், ஒரு குட்டி தனியாகப் படுத்திருந்தது. அரைமணி நேரம் நின்று பார்த்தோம், தாய் கிட்டவே வரவில்லை. வேலையாளிடம் சொன்னால், "அது அப்படித்தான்மா" என்று போய்விட்டார். என் மகள் வீடு வரும்வரை அழுதாள். இது அலட்சியம் இல்லையா?
(செந்தூல் வாசகி)

பதில்: அம்மா, முதலில் மகளிடம் சொல்லுங்கள். அந்தக் குட்டியின் தாய் எங்கேயும் போய்விடவில்லை. எட்ட நின்று குட்டியையும் பார்த்திருக்கும், உங்களையும் பார்த்திருக்கும்.

வெளிமான் குட்டி பிறந்த சில நாள்களுக்குத் தாயின் பின்னால் ஓடாது. புல்லில் அசையாமல் ஒளிந்து கிடக்கும். தாய் வேண்டுமென்றே தள்ளிப் போய் மேயும். பக்கத்திலேயே நின்றால் நரிக்கும் நாய்க்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்ததாகிவிடுமே! நாளுக்குச் சில தடவை மட்டும் வந்து பால் கொடுக்கும், குட்டியின் பின்புறத்தை நக்கும். அப்படி நக்கினால்தான் குட்டிக்குச் சிறுநீரும் மலமும் இறங்கும். இறங்கியதைத் தாயே விழுங்கிவிடும், வாடை தங்காது. கோடியக்கரையில் திரியும் வெளிமானும் இதையேதான் செய்கிறது. கோலாலம்பூரில் வேலிக்குள் பிறந்ததற்காக அதன் புத்தி மாறிவிடாது.

இதை நான் ஒரு குட்டியைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. இரவெல்லாம் மழை. விடிந்ததும் போய்ப் பார்த்தால், முந்தின ராத்திரி பிறந்த குட்டி நனைந்து, காதுகள் கழுத்தோடு ஒட்டி, தலையை மண்ணில் நீட்டிக் கிடக்கிறது. செத்துவிடும் என்று பயந்து தூக்கிவிட்டேன். என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது இன்னும் நினைவிருக்கிறது. துண்டால் துடைத்து, ஆட்டுப்பால் புகட்டி, மதியம் கொண்டுபோய் அதே இடத்தில் விட்டேன். தாய் வந்தது, முகர்ந்தது, பின்வாங்கியது. மறுபடி வந்து முகர்ந்து, முன்காலால் தரையைத் தட்டிவிட்டுப் போனது. அப்புறம் வரவே இல்லை. மூன்றாம் நாள் குட்டி போய்விட்டது.

சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியைக் குட்டியின் குடல் உள்ளே வாங்குவது பிறந்த முதல் ஒரு நாள்தான். அதிலும் முதல் சில மணி நேரம்தான் நன்றாக வாங்கும். அந்த நேரத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். என் மேலாளர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். திட்டவில்லை. அடுத்த குட்டி பிறந்ததும் ஒரு தொலைநோக்கியைக் கையில் கொடுத்து மரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்.

குட்டி எழுந்து நின்றதா, மடியைத் தேடிப் போனதா, குடிக்கும்போது வால் ஆடுகிறதா, குடித்தபின் வயிறு ஒட்டியிருக்கிறதா, தாயின் மடி பால் கட்டிக் கனத்துக் கிடக்கிறதா என்று அங்கிருந்தே பார்க்க வேண்டும். பல மணி நேரமாகியும் குடிக்கவில்லை என்றால் மட்டும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவோம். நாமாக உள்ளே ஓடினால் மந்தை மிரண்டு வேலியில் மோதும். விரட்டப்பட்ட மானுக்குத் தசை சிதைந்து, சிறுநீரகம் கெட்டு, ஓரிரு நாள் கழித்துக்கூடச் சாவு வரும். அடிபட்ட காயம் வெளியே ஒன்றுமே இருக்காது.

ஆகவே அந்த வேலையாள் செய்தது சரி. ஆனால் ஒரு நிமிடம் நின்று உங்கள் மகளுக்கு விளக்கியிருக்க வேண்டும், அது அவர் குறைதான்.

கேள்வி: குடும்பமாக இருக்கும் மான்களைப் பிரித்து ஆண்மானை மட்டும் வேறு நாட்டுக்கு அனுப்புகிறார்களே, பாவம் இல்லையா?
(பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: ஐயா, அனுப்பாவிட்டால்தான் பாவம். பெண் குட்டிகள் வளர்ந்ததும் அதே அப்பனோடுதான் சேரும். 1979-இல் வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சிசாலை ஆய்வாளர்கள் 16 வகைக் குளம்பு விலங்குகளின் பிறப்பு இறப்புப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். 15 வகைகளில், நெருங்கிய உறவுக்குள் பிறந்த குட்டிகளே அதிகம் செத்திருந்தன. அதனால்தான் யாருக்கு யார் பிறந்தது என்று வம்சாவளிப் பதிவேடு வைத்து, ஊர்விட்டு ஊர் மாற்றுகிறார்கள்.

அரேபிய ஓரிக்ஸ் என்ற பாலைவன மானின் கதையைப் பாருங்கள். 1972-க்குள் காட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலையில் 1960-களில் வெறும் ஒன்பது விலங்குகளோடு ஒரு மந்தை தொடங்கினார்கள். சேர்க்கையை எண்ணி எண்ணிப் பார்த்துப் பெருக்கி, 1982-இல் ஓமான் பாலைவனத்தில் திரும்பவும் விட்டார்கள். ஓமானில் பிறகு வேட்டைக்காரர்களால் இழப்பு வந்தது உண்மைதான். ஆனாலும் அந்த இனம் இன்று உயிரோடிருக்கிறது.

தவிர, வளர்ந்த ஆண்மான் தன் மகனையே அடைப்புக்குள் நிம்மதியாக விடாது. இளசின் முதுகு கறுக்கத் தொடங்கினால் துரத்தல் ஆரம்பம். காட்டிலே என்றால் ஓடித் தப்பித்துவிடும், வேலிக்குள் எங்கே ஓடும்? நாங்கள் சில சமயம் கொம்பு நுனியில் ரப்பர்க் குழாய் மாட்டிவிடுவோம், குத்து ஆழமாக இறங்காமல் இருக்க. அது ஒரு தற்காலிக ஏற்பாடுதான்.

கேள்வி: வேலி வழியாக மானுக்கு ரொட்டித் துண்டு கொடுக்கலாமா? ஆசையாகத் தின்கிறது.
(காஜாங் மாணவர்)

பதில்: கூடாது தம்பி. மான் அசைபோடும் விலங்கு, அதன் முதல் வயிற்றில் புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மாவுப் பொருள் திடீரென்று நிறையப் போனால் அங்கே அமிலம் ஏறிவிடும், வயிறு உப்பிப் படுத்துவிடும். ஒருவர் ஒரு துண்டு போட்டால் ஒன்றும் ஆகாது என்று தோன்றும். ஆனால் விடுமுறை நாளில் உன்னைப் போல் எத்தனை பேர் அந்த வேலியோரம் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார். காலையில் நறுக்கிப் போடும் நேப்பியர் புல்லும், நக்குவதற்கு ஓர் உப்புக் கட்டியும், அளந்து போடும் தீவனமும் அதற்குப் போதும்.